அருளும் மருளும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



மதுரையைச் சூழ்ந்த ஊர்களில் குலதெய்வக் கோயிலின் முன்னே உறுமி முழங்க, உடல் நடுங்கிக் கண் சிவந்து ஒருவர் ஆடத் தொடங்கினால், ‘அருள் வந்துவிட்டது’ என்பார் ஒரு சாரார். ‘மருள் ஏறிவிட்டது’ என்பார் மற்றொரு சாரார். இரண்டு சொல்லும் அங்கே ஒரே நிகழ்ச்சியைத்தான் குறிக்கின்றன. ஆனால் நூல்வழக்கில் இவ்விரண்டும் எதிர் எதிர்த் திசையில் நிற்பவை. அருள் என்பது இறைவன் உயிர்மேல் வைக்கும் இரக்கம். மருள் என்பது ஒன்றை வேறொன்றாக உணரும் மயக்கம். திருக்குறளின் மெய்யுணர்தல் அதிகாரம் முழுவதும் இந்த மருளை நீக்குவது பற்றியதே. ஓரெழுத்து வேறுபாட்டில் நிற்கும் இவ்விரு சொற்களையும் ஒரே ஆட்டத்திற்கு வழங்கும் ஊர்வழக்கை வெறும் சொற்குழப்பம் என்று தள்ளிவிடுதல் பொருந்தாது. கண்ணெதிரே நிகழ்வது எது என்று உடனே தெளியமுடியாத நிலையே அவ்வழக்கில் பதிவாகியிருக்கிறது.

ஊரார் கண்மூடி நம்புவோர் என்று எண்ணுதலும் தவறு. ஆடுபவரைப் பார்த்து ‘நீ யார், எந்தத் தெய்வம், எதற்காக வந்தாய்?’ என்று வினவும் முறை உண்டு. பூக்கட்டிப் பார்த்தல் உண்டு. வந்திருப்பது சாமியா, பேயா, சித்தபிரமையா, அல்லது பங்காளிச் சண்டையில் தன் பக்கத்தை வலுப்படுத்த ஒருவர் போடும் வேடமா என்று முதியவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதும் உண்டு. நான்கு வகையாகப் பிரித்தறியும் இம்முயற்சி அறிவியல் ஆகாது. ஆயினும் அறிவியல் எழுப்பும் வினா அங்கே முன்பே எழுந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. நோயை அருளாகக் கொண்டால் நோயாளி ஆண்டுக்கணக்கில் கோயில் கோயிலாக அலைக்கழிக்கப்படுகிறார். நோயல்லாத அனுபவத்தை நோயாகக் கொண்டால், இறந்த மகனின் குரலை ஓரிரவு கேட்ட தாய் பைத்தியக்காரி என்ற பெயரைச் சுமக்கிறாள். இருபுறமும் தவறு நேர்வதற்கு இடமுண்டு என்பதை நினைவில் வைத்தே இவ்வுரை செல்கிறது.

முதலில் அறிவியல் சொல்வதைக் காண்போம். புறத்தே உள்ள ஒரு பொருளைப் பிறழ உணர்வது திரிபு. கயிற்றைப் பாம்பெனக் காண்பது அது. புறத்தே எப்பொருளும் இல்லாதபோதே உள்ளதுபோல் காண்பதும் கேட்பதும் பிரமை. இவ்விரண்டையும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு மருத்துவர் எஸ்கிரோல். மூன்றாவதாக ஒன்றுண்டு, அது பிறழ்நம்பிக்கை. ‘என்னைக் கொல்ல அண்டைவீட்டார் சதி செய்கின்றனர்’ என்று, சான்று எதுவும் இல்லாமலும், எதிர்ச்சான்று எத்தனை காட்டினும் மாறாமலும் ஒருவர் கொள்ளும் உறுதி அது. பிரமை புலனைப் பற்றியது. பிறழ்நம்பிக்கை கருத்தைப் பற்றியது.

தமிழறிந்தோர்க்கு இப்பகுப்பு முற்றிலும் புதிதன்று. மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் 27ஆம் காதையில் அளவைவாதி பத்து அளவைகளைக் கூறுகிறான். அதனோடு நில்லாமல் அளவைபோலத் தோன்றி அளவையாகாத எட்டுக் குற்றங்களையும் எடுத்துரைக்கிறான். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளும் திரியக்கோடலும், கட்டையோ மனிதனோ என மயங்கும் ஐயமும், ஆராயாமலே துணியும் தேராது தெளிதலும் அவற்றுள் அடங்கும். பிற்காலத்துச் சிவஞான சித்தியாரும் அளவை இயலில் ஐயக்காட்சியையும் திரிவுக்காட்சியையும் விலக்கிய பின்னரே பிற காட்சிகளை வகுக்கிறது. இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி என்று நான்காக விரிக்கிறது. யோகக் காட்சியை மறுக்காத சமயவாதியும், காட்சியெல்லாம் மெய்யென்று கொள்ளவில்லை. வாயிற்கதவில் காவல் வைத்தே உள்ளே விட்டார்கள்.

பிரமை எவ்வாறு தோன்றுகிறது? 1760இல் சுவிட்சர்லாந்து அறிஞர் சார்லஸ் போனே, கண்பார்வை மங்கிய தம் பாட்டனார் மனித உருவங்களையும் பறவைகளையும் வண்டிகளையும் கட்டடங்களையும் காண்பதாகச் சொன்னதை எழுதிவைத்தார். அம்முதியவரின் அறிவு தெளிவாகவே இருந்தது. காண்பவை மெய்யல்ல என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணிலிருந்து செய்தி வராத நிலையில் மூளையின் பார்வைப் பகுதி தானே இயங்கி உருவங்களைப் படைத்துக்கொள்கிறது என்பது இன்றைய விளக்கம். 1998இல் இலண்டனில் ஃபிட்சே முதலியோர் இத்தகையோரின் மூளையைப் படமெடுத்தபோது, வண்ணங்கள் தோன்றும் நேரத்தில் வண்ணத்தை உணரும் பகுதியும், முகங்கள் தோன்றும் நேரத்தில் முகத்தை உணரும் பகுதியும் இயங்கியதைக் கண்டனர். ஆகவே பிரமை காண்பவர் பொய் சொல்லவில்லை. அவர் மூளையைப் பொறுத்தவரை அது காட்சியே.

குரல் கேட்பதற்கு வேறொரு விளக்கம் உண்டு. மனிதர் எல்லோரும் தமக்குள் பேசிக்கொள்கின்றனர். அப்பேச்சு தம்முடையதே என்று மூளை உள்ளுக்குள் ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது. அக்குறிப்பு தவறும்போது தன் உட்பேச்சே பிறர் குரலாய்க் கேட்கிறது என்பது கிறிஸ் ஃபிரித் என்னும் ஆங்கில உளவியலார் முன்வைத்த கருத்து. 1993இல் வெளிவந்த ஆய்வொன்று, குரல் கேட்கும் வேளையில் நோயாளியின் மூளையில் பேச்சை உண்டாக்கும் பகுதி இயங்குவதைக் காட்டியது. கேட்பவர் தாமே பேசுபவராகவும் இருக்கிறார் என்று இதனைச் சுருக்கிச் சொல்லலாம்.

இவ்வளவில் வினா முடிந்துவிட்டது, அருட்காட்சி யாவும் பிரமை, பிரமை யாவும் நோய் என்று சிலர் விரைந்து முடிவு கட்டுவர். இரண்டாம் பாதியை அறிவியலே மறுக்கிறது. 1894இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக இங்கிலாந்தில் ஏறத்தாழ 17,000 பேரிடம், விழித்திருக்கையில் இல்லாத உருவத்தையோ குரலையோ தொடுதலையோ உணர்ந்ததுண்டா என்று கேட்டனர். பத்தில் ஒருவர் உண்டு என்றனர். 1971இல் டெவி ரீஸ் என்னும் மருத்துவர், வேல்சு நாட்டில் துணையை இழந்த 293 பேரை வினவியபோது ஏறக்குறைய பாதிப்பேர், இறந்த கணவரோ மனைவியோ தம் அருகே இருப்பதாய் உணர்ந்ததைச் சொன்னார்கள். பலர் அதுவரை எவரிடமும் சொன்னதில்லை. அவ்வுணர்வு பலருக்கு ஆறுதலாகவே இருந்தது. இவர்களையெல்லாம் மனநோயாளர் என்றால் நாட்டில் நலமுள்ளோர் சிலரே எஞ்சுவர்.

இலக்கியத்துள் சற்று நுழைந்து வருதல் நன்று. குறிஞ்சித்திணைப் பாடல்களில் தலைவியின் மெலிவு கண்ட தாய் வேலனை அழைத்து வெறியாட்டு அயர்விக்கிறாள். வேலன் முருகேறி ஆடி, இது முருகனால் வந்த நோய் என்கிறான். தலைவியின் நோய்க்குக் காரணம் காதல் என்பது தோழிக்குத் தெரியும். பாட்டைக் கேட்போருக்கும் தெரியும். நற்றிணையின் 34ஆம் பாட்டில் தோழி முருகனையே பழிக்கிறாள்; தன்னால் வந்த நோயன்று என்று அறிந்தும் வெறியாடு களத்திற்கு வந்த நீ தெய்வமே ஆனாலும் அறியாமை உடையாய் என்பது அவள் கருத்து. இதனைக் கொண்டு சங்கப் புலவர் கடவுள்மறுப்பாளர் என்று கூறுவது மிகையாகும். தெய்வம் உண்டு என்பதை ஏற்றுக்கொண்டே, இந்நோய்க்குக் காரணம் தெய்வமன்று என்று மறுக்கும் நுட்பம் அங்கே இருக்கிறது. தெய்வம் உண்டா என்பது ஒரு வினா; இந்தப் பெண்ணுக்கு என்ன நோய் என்பது வேறு வினா. இன்றைய விவாதங்கள் பலவற்றில் இப்பிரிவு காணப்படாமையே குழப்பத்திற்கெல்லாம் வேர்.

இனி மதுரையிலேயே நிகழ்ந்த ஒன்றைச் சற்று விரிவாகக் காணலாம். மீனாட்சியம்மன் கோயிலுக்கு அணித்தாகச் சொக்கப்ப நாயக்கன் தெருவில் ஒரு வீடு. இன்று அது ரமண மந்திரம். 1896 சூலைத் திங்களின் நடுப்பகுதியில் அவ்வீட்டு மாடியறையில் 16 வயதுச் சிறுவன் ஒருவன் தனித்திருந்தான். திருச்சுழியில் பிறந்து, 1892இல் தந்தையை இழந்து, சிற்றப்பன் வீட்டில் தங்கி அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் பயின்றுவந்த வேங்கடராமன் அவன். உடல்நலக்குறைவு எதுவும் இல்லை. திடீரெனச் சாவச்சம் பற்றிக்கொண்டது. அவன் ஓடவில்லை, எவரையும் அழைக்கவில்லை. சாவு வந்துவிட்டது, சாவதெது என்று காண்போம் என்று கைகால்களை விறைத்து நீட்டிப் பிணம்போல் படுத்தான், மூச்சை அடக்கினான், உதடுகளை இறுக மூடினான். இவ்வுடல் எரிக்கப்பட்டுச் சாம்பலாகும். ‘நான்’ அதனோடு சாகிறேனா என்று உசாவினான். உடல் அசைவற்றிருக்க, ‘நான்’ என்னும் உணர்வு தனித்து விளங்கியதாக உணர்ந்தான். சாவச்சம் அன்றோடு நீங்கிற்று. பின்னாளில் ரமண மகரிஷி எனப் பெயர்பெற்றவர் இவரே.

இதனை மருத்துவக் கண்கொண்டு நோக்கினால் முதலில் தோன்றுவது பேரச்சத் தாக்கம் என்பதே. இளம்பருவம், தந்தையின் மரணம், காரணமின்றித் திடீரென எழும் சாவச்சம் ஆகிய மூன்றும் அதற்குப் பொருந்துகின்றன. உடலிலிருந்து தான் வேறுபட்டு நிற்பதாய் உணர்தலும் அத்தாக்கத்தில் காணப்படுவதே. ஆயின் பேரச்சத் தாக்கம் உற்றவர் மீண்டும் அது வருமோ என்று அஞ்சி வாழ்வது இயல்பு. இங்கே அச்சமே அற்றுப்போயிற்று. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இவ்வனுபவத்தில் எவ்வுருவமும் தோன்றவில்லை, எக்குரலும் கேட்கவில்லை. ஆகவே பிரமை என்னும் சொல்லின் இலக்கணம் இதற்குப் பொருந்தாது. எதையும் காணாத ஒன்றைப் பொய்க்காட்சி என்பது எங்ஙனம்?

ஒரு தடையை இங்கே மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்நிகழ்ச்சியை விரிவாக எழுத்தில் தந்தவர் பி.வி. நரசிம்மசுவாமி. அவர் நூல் வெளிவந்தது 1931இல். அதாவது 35 ஆண்டுகள் கழித்து. பல நாள் உரையாடலில் கேட்டவற்றைத் தம் நடையில் தொகுத்ததாக அவரே குறிப்பிடுகிறார். அத்துணைக் காலம் சென்றபின் கூறப்படும் நினைவில் பிற்கால அறிவும் கலந்திருக்கக்கூடும். அச்சிறுவனுக்கு அப்போது வேதாந்தச் சொற்கள் தெரியா. பெரியபுராணம் படித்திருந்தான், அருணாசலம் என்னும் பெயரை உறவினர் ஒருவர் வாயால் கேட்டிருந்தான், அவ்வளவே. தமக்கு நேர்ந்ததை ஆவேசமென்றும் ஒருவகைக் காய்ச்சலென்றும் அப்போது எண்ணியதாகவும், காய்ச்சலே ஆயினும் இனியதாக இருந்தமையின் இருக்கட்டும் என்று விட்டுவிட்டதாகவும் அவர் பின்னர்க் கூறியதாக ஒரு குறிப்புண்டு. அருளா, மருளா, நோயா என்னும் வினாவை முதலில் எழுப்பியவர் அனுபவித்தவரே என்பது அதனால் பெறப்படும்.

அதன்பின் படிப்பில் நாட்டம் குறைந்தது. உணவில் விருப்பு வெறுப்பு அகன்றது. மாலைதோறும் மீனாட்சியம்மன் கோயிலில் சென்று நின்று கண்ணீர் உகுத்தல் வழக்கமாயிற்று. ஆகஸ்ட் 29ஆம் நாள், பெய்ன் இலக்கணத்தை மும்முறை எழுதுமாறு ஆசிரியர் இட்ட தண்டனையை எழுதிக்கொண்டிருந்த சிறுவன் தாளைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தான். தமையனின் கல்லூரிக் கட்டணமாய் வைத்திருந்த 5 ரூபாயில் 3 ரூபாய் எடுத்துக்கொண்டு ஒரு கடிதம் எழுதி வைத்தான். தமிழ் கற்றோர் கூர்ந்து நோக்கவேண்டிய கடிதம் அது. தன் தந்தையைத் தேடி அவர் கட்டளைப்படி புறப்படுவதாகத் தொடங்கும் அக்கடிதத்தில், எழுதுபவன் முதலில் ‘நான்’ என்கிறான். அடுத்துத் தன்னை ‘இது’ என்கிறான். கையொப்பமிட வேண்டிய இடத்தில் வெறுங்கோடு இழுத்திருக்கிறான். மூன்றே வரிக்குள் தன்மை அஃறிணையாகி, அதுவும் மறைந்துவிடுகிறது.

இன்றைய மனநல மருத்துவர் இக்கடிதத்தைப் படித்தால் இரண்டு இடங்களில் நிற்பார். ‘கட்டளை’ என்ற சொல் முதலாவது; கட்டளையிடும் குரல் கேட்டதா என்று வினவுவார். தன்னை ‘இது’ என்பது இரண்டாவது. தன்னுணர்வு சிதைகிறதோ என்று ஐயுறுவார். இரண்டும் முறையான ஐயங்களே. ஆனால் அதே கடிதம், யாரும் வருந்த வேண்டா, தேடிப் பணம் செலவிட வேண்டா, கல்லூரிக் கட்டணம் இன்னும் கட்டப்படவில்லை, 2 ரூபாய் இதனுடன் இருக்கிறது என்றும் சொல்கிறது. கணக்குத் தவறவில்லை. பிறர் படக்கூடிய துன்பமும் நினைவில் இருக்கிறது. சிதைந்த மனம் இவ்வாறு எழுதுவது அரிது.

வழியில் நடந்த ஒன்று இப்பொருளுக்கு இன்னும் நெருங்கியது; பலரும் இதனைக் கடந்துசென்றுவிடுகின்றனர். திருக்கோவலூரை அடுத்த அறையணிநல்லூர்க் கோயில் மண்டபத்தில் அமர்ந்திருந்தபோது, இடமெல்லாம் நிறைந்த பேரொளி ஒன்று தோன்றக் கண்டான். அது திருஞானசம்பந்தரோடு தொடர்புடைய தலம். பல மைல் நடந்து வந்தவன், சரியாக உண்ணாதவன், இரவு நேரம். இவையெல்லாம் பிரமைக்கு ஏற்ற சூழல் என்று மருத்துவநூல் கூறும். அவ்வொளியைக் கண்ட சிறுவன் என்ன செய்தான்? கருவறைத் திருவுருவிலிருந்து ஒளி வருகிறதோ என்று எழுந்துபோய்ப் பார்த்தான். அங்கிருந்து வரவில்லை என்று கண்டான். ஒளியும் மறைந்தது. மீண்டும் வந்து அமர்ந்தான். தனக்குத் தோன்றியதைப் புறவுலகோடு ஒப்பிட்டுச் சோதிக்கும் இத்திறனை, மனநோயையும் நோயல்லாத அனுபவத்தையும் பிரிக்கும் முதன்மையான அளவுகோல்களுள் ஒன்றாக மருத்துவர்கள் கொள்கின்றனர். அவ்வொளி பிரமையாகவே இருந்திருக்கலாம். ஆயினும் அதனைக் கண்டவன் பிரமைக்கு ஆட்படவில்லை. பிற்காலத்தில் தம்மிடம் வந்து இன்ன தெய்வத்தைக் கண்டேன், இன்ன ஒளியைக் கண்டேன் என்போரிடம், கண்டவன் யார் என்று திருப்பிக் கேட்பதே அவர் வழக்கமாயிற்று. காட்சிகளுக்கு அவர் பெருமதிப்புத் தரவில்லை.

செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலை அடைந்தபின் நிலைமை மாறுகிறது. பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் தொடையைக் கடித்துப் புண்ணாக்கியும் அசையாமல் கிடந்தார், பேசவில்லை, உணவைப் பிறர் வாயில் இடவேண்டியிருந்தது. இந்நிலையில் இன்று ஒரு சிறுவன் கிடந்தால் உடனே மருத்துவமனையில் சேர்ப்பதுதான் முறை. அதைச் செய்யாதிருத்தல் குற்றம். அசைவற்ற உறைநிலை நோய் உயிருக்கே இடராகக்கூடியது. இதில் தயக்கம் கூடாது. நோயன்று என்று இன்று கூறமுடிவதெல்லாம் பின்னர் நடந்தவற்றை அறிந்ததனால்தான். 1898இல் தாய் வந்து அழைத்தபோது தெளிவான தமிழில் விடை எழுதித்தந்தார். 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட வினாக்களுக்கு எழுதிக்காட்டிய விடைகளே ‘நான் யார்?’ என்னும் நூலாக 1923இல் வெளிவந்தன. 1950 ஏப்ரல் 14இல் மறையும்வரை ஆசிரமச் சமையற்கட்டில் காய் நறுக்கினார், அச்சுப்பிழை திருத்தினார், நகைச்சுவையாகப் பேசினார். ஐம்பது ஆண்டுப் போக்கு இது. ஆனால் குகையின் வாயிலில் நிற்கும் மருத்துவருக்கு அடுத்த ஐம்பது ஆண்டுகள் தெரியா. கனியைக் கொண்டு மரத்தை அறியலாம் என்பது உண்மையே. கனி பழுக்கும்வரை காத்திருக்க நோயாளிக்கு நேரமில்லை என்பதும் உண்மை.

மற்றொரு சான்று காந்தியடிகள். 1921 செப்டம்பரில் மதுரை மேலமாசி வீதி வீட்டில் தங்கியிருந்தபோது அரையாடை புனைந்த அவர், 1933 ஏப்ரல் இறுதியில் எரவாடச் சிறையில் ஓர் இரவு ஒரு குரலைக் கேட்டதாகச் சொன்னார். அதன்படி மே 8ஆம் நாள் தொடங்கி 21 நாள் உண்ணாநோன்பு இருந்தார். இராஜாஜி உள்ளிட்ட நண்பர்கள் தடுத்தும் கேட்கவில்லை. சூலையில் ‘அரிஜன்’ இதழில் அக்குரலைப் பற்றி எழுதினார்: அது கனவன்று, தொலைவிலிருந்தும் அருகிலிருந்தும் வந்தது போன்றிருந்தது, கேட்டதும் உள்ளம் அமைதியுற்றது. அதனைத் தன்மயக்கம் என்றோ பிரமை என்றோ சொல்வோரை மறுக்கத் தம்மிடம் சான்றில்லை என்பதையும் அவரே ஒப்புக்கொண்டார். ஆயினும் உலகமே ஒன்றுகூடி மறுத்தாலும் தம் உறுதி அசையாது என்றார்.

இவ்விடத்தில்தான் அளவுகோல்களுள் ஒன்று முறிகிறது. பிறழ்நம்பிக்கைக்கு ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஜாஸ்பர்ஸ் 1913இல் வகுத்த இலக்கணத்தில், எதனாலும் அசைக்கமுடியாத உறுதி ஒரு கூறு. காந்தியடிகளின் உறுதியும் அத்தகையதே. எனவே உறுதியின் அளவைக்கொண்டு மட்டும் அருளையும் மருளையும் பிரிக்கமுடியாது. ‘உறுதியாகக் கேட்டேன், ஆகவே மெய்’ என்னும் அடியவரும், ‘இத்தனை உறுதியாய்ப் பேசுகிறார், ஆகவே நோய்’ என்னும் ஐயவாதியும் ஒரே பிழையைச் செய்கின்றனர். காந்தியடிகளுக்கு நோயில்லை என்று சொல்லவைப்பது, சான்று தம்மிடம் இல்லை என்று ஒப்புக்கொண்ட அந்த அறிவுநேர்மையும், அதற்கு முன்னும் பின்னும் அவர் ஆற்றிய ஓயாத பணியும்தான். நோன்பு சரியானதா என்பது அரசியல் ஆய்வு. அது ஈண்டு வேண்டா.

மூளைப்படத்தில் விடை இருக்கிறது என்போர் உண்டு. தமிழகத்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் வி.எஸ். இராமச்சந்திரன், பொட்டுமடல் வலிப்பு நோயுற்ற ஒருசிலரிடம் சமயச் சொற்களையும் படங்களையும் காட்டித் தோலின் மின்கடத்தலை அளந்தார். ஏனைய சொற்களைவிடச் சமயச் சொற்களுக்கு மிகுந்த எழுச்சி காணப்பட்டது. 1998இல் வெளிவந்த நூலில் இதனை விவரித்த அவர், இதனால் கடவுள் உண்டு என்றோ இல்லை என்றோ முடிவு கட்டலாகாது என்பதையும் சொன்னார். கனடாவின் பெர்சிங்கர் மெல்லிய காந்தப்புலத்தைத் தலையில் செலுத்தினால் தெய்வசந்நிதி போன்ற உணர்வு எழும் என்றார். 2005இல் சுவீடனில் கிரான்குவிஸ்ட் முதலியோர், காந்தம் இயங்குகிறதா இல்லையா என்பது ஆய்வாளருக்கும் ஆய்வுக்குட்பட்டோருக்கும் தெரியாதவாறு அதே சோதனையைச் செய்தபோது காந்தத்தால் விளைவு எதுவும் இல்லை. கருத்தேற்றத்திற்கு எளிதில் ஆட்படுவோரே எதையோ உணர்ந்தனர். நாத்திகர் பலர் முதற்சோதனையை மட்டுமே மேற்கோள் காட்டுவதும், ஆத்திகர் பலர் இரண்டாவதை மட்டுமே காட்டுவதும் வியப்பன்று.

படம் எவ்வளவு துல்லியமாயினும் ஓர் எல்லைக்கு அப்பால் அதனால் பேசமுடியாது. மல்லிகையை முகரும்போது மூளையில் ஓரிடம் இயங்குகிறது. அதனைக் கண்டுபிடித்ததனால் மல்லிகை இல்லை என்றாகிவிடாது. இருக்கிறது என்றும் ஆகாது. அருட்காட்சியின்போதும் மூளையில் ஏதோ ஓரிடம் இயங்கியே தீரும். 1902இல் வில்லியம் ஜேம்ஸ், ஓர் அனுபவத்தின் தோற்றுவாய் உடலில் இருப்பதாலேயே அதன் மதிப்பைத் தள்ளிவிடும் போக்கைக் கண்டித்தார். வேரைக் கொண்டன்று, கனியைக் கொண்டே மதிக்கவேண்டும் என்றார். அவர் கூற்றின் முதற்பகுதி இன்றும் நிற்கிறது. இரண்டாம் பகுதிக்கு ஒரு திருத்தம் வேண்டும்: கனி நல்லதாயிருப்பது காட்சி மெய்யென்பதற்குச் சான்றாகாது. பொய்க்கனவும் ஒருவரை நல்லவராக்கலாம்.

ஆகவே வினாவை இரண்டாகப் பிளப்பதே முறை. இவர் நோயுற்றிருக்கிறாரா என்பது ஒன்று. இவர் கண்டது மெய்யா என்பது மற்றொன்று. முதலதற்கு மருத்துவம் விடை சொல்லும். அனுபவம் சிறுபொழுதில் வந்து போகிறதா, ஓயாமல் வருத்துகிறதா? கண்டதைச் சோதித்துப் பார்க்க மனம் இடந்தருகிறதா? உறக்கம், உணவு, தொழில், உறவு ஆகியவை குலைகின்றனவா? பேச்சில் கோவை இருக்கிறதா? தன்னையோ பிறரையோ துன்புறுத்தக் குரல் ஏவுகிறதா? அவர் வாழும் சமூகத்தில் அவ்வனுபவம் பழகியதா, அச்சமூகத்தாரே அஞ்சும்படி அயலானதா? 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர் கழகம் தன் நோய்ப்பகுப்பு நூலில், நோயல்லாத ‘சமய அல்லது ஆன்மிகச் சிக்கல்’ என்று ஒரு தலைப்பைப் புதிதாகச் சேர்த்ததும் இவ்வேறுபாட்டைக் கருதியே. இரண்டாம் வினாவிற்கு மருத்துவத்தில் விடையில்லை. 16ஆம் நூற்றாண்டில் ஆவிலாத் தெரசம்மையார், காட்சிகள் பல கண்டவராயிருந்தும், உள்ளச்சோர்வுடைய கன்னியர் காட்சி கண்டதாகச் சொன்னால் அவர்களை நன்றாக உண்ணவும் உறங்கவும் செய்யுமாறு மடத்துத் தலைவியர்க்கு அறிவுறுத்தினார். இரண்டு வினாவும் வேறு வேறு என்பதை அவர் அறிந்திருந்தார்.

பண்பாடு பிரமையின் வடிவையே மாற்றுகிறது என்பதற்குச் சென்னையிலிருந்து ஒரு சான்றுண்டு. டான்யா லூர்மன் என்னும் மானிடவியலார், சென்னை மருத்துவரும் உடன்பங்குகொண்ட ஆய்வில், கலிபோர்னியா, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூவிடங்களிலும் குரல் கேட்கும் மனச்சிதைவு நோயாளர் இருபதின்மரிடம் பேசி 2015இல் முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்கர் கேட்டவை பெரும்பாலும் அயலாரின் கொடுங்குரல்கள். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர் கேட்டவை உறவினர் குரல்கள்: குளி, சமை, வீட்டைக் கூட்டு என்று ஏவியும் ஏசியும் பேசும் குரல்கள். மருள்கூடத் தமிழகத்தில் மாமியார் மொழியில் பேசுகிறது! இவர்கள் நோயாளரே, மருந்து வேண்டுவோரே. ஆனால் குரலின் உள்ளடக்கம் இனிதாயிருப்பது நோயின்மைக்குச் சான்றன்று என்பதையும், கொடிதாயிருப்பது பேய்க்குச் சான்றன்று என்பதையும் இது காட்டுகிறது.

2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளர்க்கெனத் தனியார் நடத்திய கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட வழியின்றி எரிந்து மாண்டனர். தர்காவின் அருள் வேண்டி, அங்கே தங்கினால் தெளியும் என்னும் நம்பிக்கையோடு குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள் அவர்கள். அந்நம்பிக்கையை எள்ளுவதால் பயன் இல்லை. அந்நாளில் அவர்களில் பலரது ஊருக்கு அருகே மனநல மருத்துவர் எவரும் இல்லை. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளரைச் சங்கிலியால் பிணிப்பதை எவ்வகையிலும் தடைசெய்திருக்கிறது.

மறுபுறத்தையும் கூறவேண்டும். 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், பெங்களூர் மருத்துவர் இரகுராம் முதலியோர் தமிழகத்துச் சிற்றூர் ஒன்றின் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த கடும் மனநோயாளர் 31 பேரை ஆராய்ந்து எழுதினர். சராசரி ஐந்தரை வாரம் தங்கினர், மருந்து தரப்படவில்லை, அடியும் கட்டும் இல்லை, காலையில் வழிபாடு, பின்னர்க் கோயிலைப் பெருக்குதல், செடிக்கு நீர்விடுதல். நோயின் கடுமை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. மருந்தின்றி நோய் முற்றும் தீரும் என்று இதனைத் திரித்துக் கூறுவோர் உளர். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு எதுவும் அவ்வாய்வில் இல்லை என்பதை அவர்கள் சொல்வதில்லை. அன்பான சூழலும் செய்வதற்கு ஒரு வேலையும் நோயைத் தணிக்கும் என்ற அளவிலேயே அதனைக் கொள்ளலாம்.

ஏர்வாடித் தர்காவிலும் திருச்சிக்கு அருகே குணசீலம் பெருமாள் கோயிலிலும் பின்னாளில் வழிபாட்டை நிறுத்தாமல் அங்கேயே மனநல மருத்துவரை அமர்த்தும் திட்டம் வந்தது. மருந்து, வேண்டுதல் என்று பொருள்படும் ‘தவா–துவா’ என்பது அதன் பெயர். நேர்ச்சைக்கு வருவோர் நேர்ச்சையைச் செலுத்துகின்றனர். அதே வளாகத்தில் மருத்துவரிடமும் செல்கின்றனர். குரல் தெய்வத்தினுடையதா என்று அம்மருத்துவர் கேட்பதில்லை. எத்தனை நாளாய் உறங்கவில்லை, நேற்று என்ன உண்டார், வீட்டில் யார் உடனிருக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்.